நல்ல கை

— கையை நீட்டுக்கா.

— எந்தக் கையை?

— விளையாடாத. நல்ல கையை.

— வைத்தியம் அந்த விளங்காத கைக்குத்தானே? அது பாரு, போர்வைக்கு மேல நனைஞ்ச துணி மாதிரி கிடக்கு. நல்ல கை உனக்கு எதுக்கு?

— நல்ல கை சும்மா இருந்தாத்தான் அது எழுந்திரிக்கும். உனக்குத் தெரியாததா?

— தெரியும், தெரியும். மூத்தவ ஓடியாடி வேலை செஞ்சா இளையவ சோம்பேறி ஆயிடுவா. மூத்தவளைக் கட்டிப்போட்டா இளையவ எழுந்திரிச்சுத்தானே ஆகணும். மேடையில இப்படித்தானே சொல்லுவ?

— அந்த உதாரணமே நீ சொன்னதுதான்.

— நான் நம்ம வீட்டைப் பத்திச் சொன்னேன். நீ மூளையைப் பத்தின்னு எடுத்துக்கிட்ட.

— மேடம், கையுறை கொண்டு வந்துட்டேன். மீடியம் சைஸ். அம்மா, கட்டைவிரலை உள்ள மடக்கிக்கோங்க, நானே மாட்டி...

— தொடாதம்மா. நீ யாரு?

— தெரப்பிஸ்ட்மா. இனிமே தினமும் ஆறு மணி நேரம் நான்தான் உங்ககூட.

— ஆறு மணி நேரமா! என் புருஷனே அவ்வளவு நேரம் என்கூட இருந்ததில்ல.

— அக்கா, அவளை வேலை செய்ய விடு.

— என்ன உறை இது? தையல் கோணலா ஓடுது. முதமுதல்ல இவ ஆராய்ச்சிக்குப் பன்னெண்டு உறை தைச்சுக் குடுத்தவ நான்தான், தெரியுமாம்மா? உள்ள பஞ்சு, வெளிய கான்வாஸ், மணிக்கட்டுல ரெண்டு பட்டை. பன்னெண்டாவது எனக்கேன்னு அப்போ தெரியல.

— மேடம்... எல்லாருக்கும் போட்டுக் காட்டற வீடியோல டம்ளர் தூக்குறது இவங்கதானா?

— நீ கொஞ்சம் வெளிய இரும்மா. கூப்பிடுறேன்.

— சரி மேடம். ஆனா பத்து மணிக்குள்ள மாட்டணும், சார்ட்ல மணிக்கணக்கு...

— கூப்பிடுறேன்னு சொன்னேன்ல.

— பாவம், முகம் சுருங்கிப்போச்சு. நான் உன் கூடப் பொறந்தவதான்னு அவளுக்குத் தெரியுமா?

— ...இல்ல.

— அக்கான்னு நீ கூப்பிட்டதை மரியாதைக்குன்னு நினைச்சிருப்பா.

— அந்தப் பழைய கட்டுரையில 'முப்பத்தெட்டு வயதுப் பெண்'னுதான் போட முடிஞ்சுது. பேரு, உறவு எதையும் போடக் கூடாது. அது விதி.

— சொந்த அக்காவை ஆராய்ச்சியில சேக்கக் கூடாதுன்னும் ஒரு விதி இருந்துச்சே?

— அக்கா...

— சரி, விடு. எலிக்குக் கட்டின, குரங்குக்குக் கட்டின, அப்புறம் எனக்குக் கட்டின. படிப்படியா முன்னேற்றம்தான்.

— வாய்க்கு ஒண்ணும் ஆகல உனக்கு.

— அது ஒண்ணுதான் மிச்சம். அதுக்கும் உறை இருந்தா எடுத்துட்டு வா.

— அக்கா, நேரம் போகுது. பக்கவாதம் வந்த முதல் மூணு மாசம்தான் மூளை பச்சை மண்ணு மாதிரி. அதுக்குள்ள வளைச்சாத்தான் வளையும். உனக்கு இந்தத் தடவை அஞ்சு வாரம் ஓடிப்போச்சு.

— கட்டினா கை வருமா?

— போன தடவை பக்கவாதத்துல வந்துச்சுல்ல?

— போன தடவையைக் கேக்கல. இப்போ வருமா?

— முயற்சி பண்ணிப் பாக்காம எப்படிச் சொல்றது...

— டாக்டர் பேசுறா. என் தங்கச்சி எங்க போனா? சரி, கடைசிக் கட்டில்ல ஒருத்தர் இருக்காரே, பஸ் கண்டக்டரா இருந்தவர்.

— ஆமா. ஆறாவது வாரம்.

— நேத்து என்கிட்ட வந்தார். 'நீங்கதானே அந்த டம்ளர் அம்மா'ன்னார். சேரும்போதே எல்லாருக்கும் போட்டுக் காட்டுறீங்களாமே. உங்களுக்கு எத்தனாவது நாள்ல வந்துச்சுன்னு கேட்டார்டி.

— என்ன சொன்ன?

— பதினாலாவது நாள்னேன். வேற என்னத்தைச் சொல்ல? 'எனக்கு நாப்பது நாள் ஆச்சும்மா, நான் ஒழுங்கா முயற்சி பண்ணலபோல'ன்னு தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டார். மூக்கு ஒழுகுது மனுஷனுக்கு. ஒரு கை செத்துக் கிடக்கு, இன்னொண்ணு உறைக்குள்ள. துடைக்க வழியில்ல. நான்தான் துடைச்சு விட்டேன்.

— நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே.

— மூக்கு துடைக்க மணி அடிக்கணுமா? சரி... இதே வார்டுல இருக்கற அந்த டீச்சர் விஷயமாவது தெரியுமா உனக்கு?

— ரிப்போர்ட்ல பாத்தேன்.

— என்ன போட்டிருந்துச்சு ரிப்போர்ட்ல?

— 'ஒத்துழைப்பு குறைவு'ன்னு.

— பாத்ரூம் தாழ்ப்பாளைத் திறக்க முடியாம வெளியவே நின்னு துணியை நனைச்சுக்கிட்டாங்க. முப்பது வருஷம் பிள்ளைங்களை அடக்கி வச்சவங்க. ஒத்துழைப்பு குறைவாம்!

— பாத்ரூம் போறப்போ கழட்டிக்கலாம்னு சொல்லித்தானே வச்சிருக்கோம்...

— எதால கழட்டுவாங்க? செத்த கையாலயா? பதில் சொல்லேன். பெரிய ஆராய்ச்சிக்காரிதானே நீ.

— இது பொய் வைத்தியம் இல்லக்கா. விரல் கொஞ்சமாவது அசையறவங்களுக்கு நல்லாவே பலிக்குது. சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன்.

— அது உனக்கு முன்னாடியே மத்தவங்க கண்டுபிடிச்சது. விரல் அசையணும், மணிக்கட்டு தூக்கணும், அப்போதான் கட்டலாம்னு அவங்க ஒரு கோடு போட்டாங்க. 'அசையவே அசையாத கைக்கும் வரும்'னு கோட்டைத் தாண்டினது நீ. யாரை வச்சு?

— ...உன்னை வச்சு.

— என்ன பாக்குற? பத்தாவது ஃபெயிலானவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? நீ எழுதினது பூராவும் ஆளை வச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கையைப் பத்தினதாச்சே. நீதான் வந்து சொல்லல.

— நேரம் எங்க இருந்துச்சு எனக்கு? பத்தொம்பது வருஷம், அக்கா. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து சாப்பிட்டதில்ல.

— விருது குடுத்த அன்னைக்கு டிவியில பாத்தேன். 'என் முதல் நோயாளிக்கு நன்றி'ன்ன. பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, யாரு அந்தப் புண்ணியவதின்னு.

— இப்போ என்னதான் செய்யச் சொல்ற?

— கட்டாதன்னு சொல்றேன். எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு கை. துணிமேல இஸ்திரிப்பெட்டியை வச்சு அழுத்திக்கிட்டு, இந்த ஒத்தைக் கையாலயே பட்டன் ஓட்டைக்குக் காஜா போடப் பழகிட்டேன். வாசல்ல 'டெய்லர்'னு போர்டு இன்னும் தொங்குது. போன வாரம் ரெண்டு போட்டேன். கோணல்தான், ஆனா ரெண்டு. இதையும் கட்டிட்டா நான் யாருடி?

— ரெண்டே வாரம்.

— கண்டக்டருக்கும் முதல்ல ரெண்டு வாரம்னுதானே சொன்னீங்க.

— மெதுவாப் பேசு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வார்டே பாத்துக்கிட்டு இருக்கு.

— பாக்கட்டும். சரி, நான் சொல்லிடறேன். தொண்டையில சிக்கின முள்ளு இது.

— இப்போ வேணாமே.

— இப்போதான் வேணும். அப்போ என்னை ஆராய்ச்சியில சேத்த முதல் நாள் பரீட்சை. மேஜை மேல டம்ளர், எதிர்ல கேமரா. 'தூக்குங்க'ன்ன. நான் தூக்கல.

— ஆமா.

— முடியாம இல்ல. அதுக்கு நாலு நாள் முன்னாடியே கை தானா வந்துடுச்சு. கதவைச் சாத்திக்கிட்டு ஒரு முழுச் சட்டை தைச்சேன். உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன்டி. நீ லேப்ல எலிக்கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்த. பதினோரு பேரைக் கட்டினேன், ஒருத்தருக்கும் விரல் அசையல, ஆராய்ச்சியை மூடச் சொல்லிட்டாங்கன்ன.

— அக்கா, போதும்...

— இரு. கையைத் தொங்கப்போட்டுக்கிட்டு உன் முன்னாடி நின்னேன். பன்னெண்டாவது ஆளா என்னைச் சேத்துக்கோன்னேன். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வர வச்சேன். மூணாம் நாள் சுண்டுவிரல், ஏழாம் நாள் மணிக்கட்டு, பதினாலாம் நாள் டம்ளர். வேணும்னே ரெண்டு சொட்டு சிந்தினேன். நீ குதிச்ச. சின்னப் பிள்ளையில கூட அப்படிக் குதிச்சுப் பாத்ததில்ல உன்னை. ஒரு தங்கச்சி சிரிக்கட்டும்னு போட்ட வேஷம். இத்தனை பேரைக் கட்டிப்போடும்னு நான் கனவா கண்டேன்? அந்த டீச்சர் மூஞ்சியைப் பாத்ததுலேருந்து சோறு இறங்கல எனக்கு. சொல்லிட்டேன். போ, போய் முதல்ல கண்டக்டர் கையை அவிழ்த்து விடு. அழாதடி. உனக்குத் தெரியாம நடந்தது. பாவம் என்னோடது.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— வேஷம்னு. முதல் நாள் பரீட்சை முடிஞ்ச கையோட, மூளை சொல்றது கைக்குப் போகுதான்னு பாக்க, தலையில காந்தம் வச்சுத் தட்டினேன்ல? உன் கட்டைவிரல் துள்ளுச்சு. நல்லா இருக்கற கை எப்படித் துள்ளுமோ அப்படி. அது பதிவான தாளை நான் ஃபைல்ல சேக்கல.

— ...இன்னைக்குக் காலையிலயும் வச்சியே?

— வச்சேன்.

— துள்ளுச்சா?

— இல்ல.

— அப்போ வராதுன்னு தெரிஞ்சே என் கையைக் கேக்குறியா? ஏன்டி?

— அங்க வார்டுல பதினேழு பேர் இருக்காங்கக்கா. உன் கையை விட்டுட்டா, அவங்க கையை எதுக்குக் கட்டினேன்னு நான் சொல்ல வேண்டி வரும்.