கீழ்வயலிலிருந்து வந்த பதில்

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்து. நடுவில் யாராவது சிரித்தால், அவரை மட்டும் தனியாக வீட்டுக்கு அனுப்புவேன். சொல்லிவிட்டேன்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. வாய்க்கால் ஓரம், ஆளரவமற்ற ஒற்றையடிப் பாதை. என் நண்பனின் அத்தை மண்வெட்டியோடு நிற்கிறாள். அன்று அவளுடைய தண்ணீர் முறை. பக்கத்தில், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நிலத் தரகர். பகலில் பிடி கொடுக்காதவளை இரவில் மடக்கலாம் என்று வந்திருக்கிறார்.

கீழே இருந்த வயல்கள் எல்லாம் விற்றுப்போயின. வீடுகளையும் இடித்தாகிவிட்டது. மிச்சம் அத்தையின் மேல்வயல் ஒன்றுதான். அவளும் கையெழுத்துப் போட்டால் வாய்க்காலையே மூடிவிடலாம். காட்டை வெட்டி அந்த வாய்க்காலைத் தோண்டியவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தன் வயல் நிறைந்ததும் மேலே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் "வரட்டும்" என்றால்தான் மடையை வெட்டலாம்.

"இனிமே யாரு பதில் சொல்லுவா அக்கா? கூப்பிட்டுத்தான் பாருங்களேன்," என்றார் தரகர். "பதில் வந்தா நான் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். வரலேன்னா விடிஞ்சதும் கையெழுத்து. சரியா?"

பதில் வராது என்று அத்தைக்கும் தெரியும். ஆனாலும் வீம்புக்காரி... விடுவாளா?

"தண்ணி வருதேய்...!"

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

"வரட்டும்!"

பக்கத்து வயலிலிருந்து. கனத்த ஆண்குரல். கூடவே, காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கிய வாடை. அந்த வயலை முதன்முதலில் திருத்தியவர் ஒரு கொல்லர். தரகர் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்.

அதே குரல் கீழே கூப்பிட்டது. "தண்ணி வருதேய்!"

"வரட்டும்!" இப்போது ஒரு பெண். இடுப்பில் குழந்தை சிணுங்குகிறது. புருஷன் விட்டுப்போனபின் ஒற்றை ஆளாக உழுதவள்... வெள்ளத்தில் பிள்ளையோடு போனவள். அதற்கும் கீழே ஓர் இருமல். இருமிக்கொண்டே, "வரட்டும்!" ஊர் உண்டான வரிசையில் ஒவ்வொருவராக, தள்ளித் தள்ளி...

தரகர் டார்ச் அடித்தார். ஒருவரும் இல்லை. மண்வெட்டி இறங்கும் சத்தம் மட்டும். சதக்... சதக்...

வயல்களுக்கு அப்பால் வெறும் கல்லாங்காடு. அதை யாரும் உழுததே கிடையாது. அங்கே பதில் சொல்லச் செத்தவர்கூட இல்லை.

அங்கிருந்தும் வந்தது. "வரட்டும்!"

அத்தையின் குரல்.

தரகர் மெதுவாகத் திரும்பி அவள் முகத்தில் வெளிச்சத்தை அடித்தார். வாய் மூடியிருந்தது.

"கேட்டுச்சா தம்பி? செத்தாலும் நான் இங்கதான் இருப்பேன். உன் முதலாளிகிட்டப் போய்ச் சொல்லு."

ஓங்கி மடையை வெட்டினாள்.

அப்போது யாரோ சிரித்தார்கள். கல்லாங்காட்டில் இருந்த அத்தை.