ஒரு கல்லும் படாத ஜீப்

இல்ல மிஸ், பயப்பிடாமத் திறவுங்கோ. டப்பாவிலதான் ஐஸ்கிரீம் எண்டு எழுதியிருக்கு, உள்ளுக்கு முழுக்கக் கல்லு. நாப்பத்தேழு. ரெண்டு தரம் எண்ணினனான். இதில ஒண்டாவது உங்கட அப்பாட ஜீப்பில பட்டிருந்தா என்னைக் கேளுங்கோ.

ஜீப் சாவி, திறப்பு தாறன், இந்தா கையிலதானே இருக்கு. கீழ பிறகு போய்ப் பாப்பம். லிஃப்டும் வேலை செய்யேல்ல, மூண்டு மாடி ஏறி எனக்கு மூச்சு வாங்குது. முதல் கொஞ்சம் தண்ணி தாங்கோ. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தின விதத்தைச் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

அப்பா போன பிறகு அந்த ஜீப்பை நீங்க ஒருத்தருக்கும் குடுக்கேல்ல. சொந்தத் தம்பி கேட்டே இல்லையெண்டு சொன்னனீங்க, வெள்ளவத்தை முழுக்கத் தெரியும். அப்பிடிப்பட்டதை, ஏழு வருசமா உங்கட டியூஷன் வாசலில ஐஸ்கிரீம் விக்கிற எனக்கு, என்ர ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு வவுனியாப் பக்கத் திருவிழாவுக்குப் போகத் தந்தனீங்க. ஒரு கீறல் விழக்கூடாது கிருஷ்ணராஜ் எண்டு மட்டும்தான் சொன்னனீங்க. அண்டையில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்ல.

ஏன் சிரிக்கிறீங்க? சரி, கல்லு எங்க இருந்து வரும் எண்டு சொல்லுங்கோ பாப்பம். முன்னால போற வாகனத்தில இருந்தோ? எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறது. டயர்க்கடை நபீஸ் நானா சொல்லும்மட்டும் நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ட்ரெயிலர் இழுத்தா எங்கட பின் டயர்தான் மிஸ் சத்துரு. அது கல்லைக் கிளப்பி அடிக்கும். கல்லு போய் ட்ரெயிலரிண்ட நெத்தியில மோதும். மோதின வேகத்தில திரும்பி வந்து எங்கட பின்கண்ணாடியையே உடைக்கும். நீங்க கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறனீங்க, உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமோ? ஓ, இது பிசிக்ஸோ. சரி.

அதுக்காக நான் என்ன செய்தன்? பின் டயருக்குப் பின்னால றப்பர் தட்டு, நிலத்தில முட்டுற மாதிரி. அதுக்குப் பின்னால தும்புக் கால்மிதி ஆறு, வரிசையா பம்பரில கட்டித் தொங்க விட்டன். வெல்கம் எண்டு எழுதினது. கல்லுக்கு வெல்கமோடா எண்டு நபீஸ் நானா கேட்டார். எழுத்தில்லாதது கடையில முடிஞ்சுபோச்சு, என்ன செய்ய?

அதுக்கும் மிஞ்சி வாற கல்லுக்குத்தான் மெத்தை. ஓம், மெத்தை. தங்கச்சி நேசம் தன்ர கலியாணத்துக்கு வாங்கின ஸ்பஞ்ச் மெத்தை. ட்ரெயிலரிண்ட நெத்தியில நிமிர்த்தி வைச்சுக் கட்டினன். கல்லு வந்தா திரும்பிப் போகக்கூடாது, அங்கயே படுக்கோணும். அவளிட்டக் கேட்டுப்போட்டுத்தான் எடுத்தனான்... இல்ல, எடுத்துப்போட்டுத்தான் கேட்டனான். அவள் இன்னும் என்னோட கதைக்கேல்ல. அவளிண்ட மனுசன் மட்டும் முதுகு நோகுது எண்டு போன் எடுத்துச் சொன்னார்.

வத்தளை தாண்டேல்ல, பொலிஸ் மறிச்சிட்டுது. மே மொகத, இதென்ன எண்டு கேட்டார் சார்ஜன். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில பாதி, கையால பாதி, எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். மனுசன் வந்து மெத்தையை விரலால அமத்திப் பாத்தார். பிறகு உள்ளங்கையால. பிறகு தோளையும் சாய்ச்சுப் பாத்தார். எங்க வாங்கினது எண்டு கேட்டு, கடையிண்ட பேரை எழுதிக்கொண்டு, போ எண்டிட்டார்.

புத்தளம் தாண்ட மழை. மெத்தை குடிச்சுது, குடிச்சுது, ட்ரெயிலர் முன்பக்கம் பதிஞ்சு ஜீப்பிண்ட மூக்கு வானத்தைப் பாக்கத் தொடங்கிட்டுது. கடைசி ஆறு கிலோமீட்டர் கிறவல் றோட்டு, முழுக்கச் சரளைக்கல்லு. சைக்கிளில வந்த ஒரு அக்கா என்னை முந்திப் போனா. போய், திரும்பி வந்து, உள்ளுக்கு வருத்தக்காரரோ தம்பி, ஆஸ்பத்திரிக்கோ எண்டு விசாரிச்சா. ஐஸ்கிரீம் அக்கா எண்டன். ரெண்டு கோன் வாங்கினா, நல்ல மனுசி. அந்த ஆறு கிலோமீட்டரும் பொத்துப் பொத்தெண்டு மெத்தையில கல்லு விழுது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கட முகம்தான் எனக்கு முன்னால வந்தது. உண்மையாப் பயந்திட்டன் மிஸ்.

பல்கனிக்கு ஏன் போறீங்க? அங்க இருந்து பாத்தா முன்பக்கம் மட்டும்தான் தெரியும். நான் வேணுமெண்டு அப்பிடி நிப்பாட்டேல்ல. சரி, வேணுமெண்டுதான். இருங்கோ, இருங்கோ, இதில இருங்கோ. கல்லு படேல்ல. அது சத்தியம்.

திருவிழா முடிஞ்சு இண்டைக்குக் காலமை கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கி ஜீப்பைச் சுத்திச் சுத்திப் பாத்தன். ஒரு கீறல் இல்ல. ஒரு நேர்த்தி வைச்சிருந்தனான், அதால நேரா பிள்ளையார் கோயிலடிக்குப் போனன், தேங்காய் அடிக்க. ஊத்தை மெத்தையோட சாமிக்கு முன்னால நிக்கிறது மரியாதை இல்லையெண்டு மெத்தையைக் கழட்டினன், அதில சிக்கின கல்லுதான் இந்த டப்பாவில இருக்கிறது. கால்மிதியையும் கழட்டினன். எல்லாரும் வாகனத்துக்கு முன்னாலதானே தேங்காய் அடிக்கிறது, ஐயரும் அப்பிடித்தான் அடிக்கச் சொன்னார். நான் கேக்கேல்ல. ஐயா, இந்த வாகனத்துக்கு ஆபத்தெல்லாம் பின்னாலதான் எண்டு சொல்லிப்போட்டு, ஜீப்புக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில ஓங்கி அடிச்சன்.

தேங்காய் நல்லாத்தான் சிதறினது. ஒரே ஒரு சிரட்டைத் துண்டு மட்டும் போய் ட்ரெயிலரிண்ட நெத்தியில மோதி...

ஓம். அந்தப் பிசிக்ஸ்தான். முழுப் பின்கண்ணாடியும் சீனி மாதிரிக் கொட்டுண்டு போச்சு. ஐயர் மணியை விட்டிட்டு ஓடி வந்தார். புதுக் கண்ணாடிக்குப் பாமன்கடைப் பக்கம் ஒரு கராஜில சொல்லிட்டன், வியாழக்கிழமை வந்து போடுவாங்கள். அதுமட்டும் பொலித்தீன் ஒட்டியிருக்கு.

அழுறீங்களோ சிரிக்கிறீங்களோ? முகத்தை அங்கால திருப்பினா எனக்கு எப்பிடித் தெரியும்?

என்ன நேர்த்தியோ? கண்ணாடிக்கு ஆரும் நேர்த்தி வைப்பினமோ மிஸ்? நபீஸ் நானாட லொறி சும்மாதான் நிண்டது. எத்தினை கல்லையும் தாங்கும், கொண்டு போ எண்டு திறப்பையும் நீட்டினவர். நான்தான், இல்ல நானா, மிஸ்ஸிட ஜீப்தான் வேணும் எண்டு இங்க வந்து நிண்டனான். அதை ஒரு கீறல் இல்லாமல் கொண்டு வந்து சேத்தா, அண்டைக்கே உங்களிட்ட வாயைத் திறந்து கேட்டிர்ரது எண்டு பிள்ளையாருக்கு வாக்குக் குடுத்தனான். இப்ப நேர்த்தி சரிவந்த பிறகுதானே கண்ணாடி உடைஞ்சது? வாக்கு செல்லுமோ செல்லாதோ எண்டு ஐயரைக் கேட்டன். கோயில் பூட்டப் போறன், நீ ஜீப்பை எடு எண்டிட்டார்.

எனக்கு நாப்பத்தாறு. உங்களுக்கு நாப்பத்திரண்டு எண்டு தெரியும், ஆருக்கும் சொல்லேல்ல. என்னைக் கலியாணம் முடிக்க விருப்பமோ எண்டு கேக்கத்தான் இந்த மூண்டு மாடியும் ஏறினனான். முதல் கண்ணாடிக்கு ஏசுங்கோ. நல்லா ஏசி முடிச்சிட்டு மற்றதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. ரெண்டையும் ஒண்டாச் சொன்னா எது எதுக்கு எண்டு எனக்கு விளங்காது, ஜீவராணி.