கிணற்றுக்குக் கழித்தது போக

எனக்குக் காரம் ஆகாது. முப்பது வருடம் மிளகாய்ச் செடியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு, வீட்டில் மிளகாய் போடாமல் தனிச்சமையல். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நேற்று விசாரணை தொடங்கியதிலிருந்து இந்த அறையில் யாருமே சிரிக்கவில்லை.

உங்கள் மேசைமேல் இருக்கும் உர அட்டவணை நான் எழுதியதுதான். கையெழுத்து என்னுடையதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் வேறு யாருக்கும் அவ்வளவு திருத்தமாக எழுத வராது. அதில் ‘கிணறு’ என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது என்ன என்பதுதானே உங்கள் கேள்வி? சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், நடுவில் குறுக்கிடாதீர்கள்.

புது மிளகாய் ரகம் என்பது நினைத்தவுடன் வந்துவிடாது. நன்றாகக் காய்க்கிற செடி ஒன்று, நோய் தாங்குகிற செடி ஒன்று. இரண்டையும் கலந்து, பிறந்ததில் நல்லதாகப் பொறுக்கி, அதன் விதையைப் போட்டு, மறுபடியும் பொறுக்கி, இப்படியே எட்டுத் தலைமுறை. பிறகு அதே நிலத்தில் மூன்று பருவம் சோதனை. மூன்றிலும் தேறினால்தான் ரகம் என்று ஒப்புக்கொள்வார்கள். ஒரு பருவம் கெட்டாலும் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது பருவம் தொடங்கியபோது எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி இருந்தது.

அந்த முதல் கலப்பு வேலையைச் செய்தது பம்ப்செட்காரனின் மனைவி. கிணற்றை ஒட்டி அவர்களுக்கு ஒற்றை அறை வீடு. அவனுக்குப் பண்ணையில் ‘மோட்டார்’ என்று பெயர். வாய் ஓட ஆரம்பித்தால் நிற்காது. அவள் அதற்கு நேர்மாறு. விரியாத மொட்டை இடுக்கியால் திறந்து, மகரந்தப் பைகளை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பாள். நூறு பூவில் தொண்ணூறு பிடிக்கும். எனக்கே அறுபதுதான். அவளை நான் மதித்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பருவத்தில் செடிகள் மதமதவென்று வளர்ந்தன. இலையெல்லாம் கரும்பச்சை, பூ மட்டும் பொலபொலவென்று கொட்டியது. தழைச்சத்து மிஞ்சினால் இப்படித்தான், செடிக்குக் காய்க்கிற எண்ணமே வராது. ஆனால் நான் அளந்துதான் போட்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து நானே சோதித்தேன். நைட்ரேட் உப்பு, குடிநீரில் இருக்கலாம் என்கிற அளவைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. பத்து வருடமாக நான் போட்ட உரம் மணல் வழியாக இறங்கிக் கிணற்றில் சேர்ந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வீணாய்ப் போனது என்று நினைத்ததெல்லாம் பத்திரமாக இருந்திருக்கிறதே. தண்ணீரோடு எவ்வளவு சத்து போகிறது என்று பார்த்து, அவ்வளவையும் உரத்தில் கழித்தேன். எட்டு மூட்டை போட்ட இடத்தில் மூன்று. அதுதான் அந்தப் பத்தி. இரண்டே வாரத்தில் பூக்கொட்டல் நின்றது. காய் கொத்துக் கொத்தாக இறங்கியது. மற்ற ரகங்களைவிட ஒன்றரை மடங்கு விளைச்சல்.

அப்போது அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பெண் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். அதைக் கரைப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்.

பெரியவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பச்சைக் குழந்தைக்கு அப்படியில்லை. இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்காமல் போகும், உதடு ஊதாவாகும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டாள்.

“சார், பாப்பா உதடு ஊதாவா இருக்கு சார். இதயத்துல ஏதாச்சும் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. எனக்கென்னவோ தண்ணி ஒத்துக்கலையோன்னு தோணுது.”

டாக்டருக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“நல்லா கொதிக்க வச்சுக் கொடும்மா,” என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற புத்திமதிதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், அந்த உப்பு குறையாது, விகிதம் இன்னும் ஏறும் என்று தெரியுமா என்றால், தெரியும்.

குடிதண்ணீர் கேன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். அதையும் யோசித்தேன். கேன் வந்தால் எதற்கு என்று மோட்டார் கேட்பான். அவனுக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் பண்ணை முழுக்கத் தெரிந்துவிடும். உடனே கிணற்றுக்குப் பூட்டு. காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றால் சோதனை அவ்வளவுதான். கடைசிப் பறிப்புக்கு நாற்பது நாள் இருந்தது. குழந்தை நாற்பது நாள் தாங்கும் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் நாள் போய்விட்டது.

வருத்தம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்றைக்கு எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் என் ரகத்தைப் பயிரிட்டுத் தலைநிமிர்ந்து நிற்கின்றன. அவர்கள் எல்லோரும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எது பெரிது என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள் பார்க்கலாம். நாளைக்கே இதே நிலைமை வந்தாலும் இதையேதான் செய்வேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்நெஞ்சுக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். குழந்தை போன மூன்றாம் நாள் அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நான் சரியா கொதிக்க வைக்கலையா சார்? பாதியா சுண்டுற வரைக்கும் வச்சேனே.”

அப்படி உடைந்துபோய் நிற்கிறவளை ஒரு பதிலும் சொல்லாமல் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கலாம்மா,” என்றேன்.