கொரியன் மாப்பிள்ளை

“அப்பாவுக்கு நீ கொரியன் எண்டு சொல்லிப்போட்டன்.”

லண்டனில் லூயிஷாம் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இருந்த பிலிப்பினோப் பெட்டை இப்படிச் சொன்னதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் அவளுடைய ஜப்பான்காரக் காதலன். கதைத்தது இங்கிலிஷ், நான் எங்கட பாஷையில் போடுகிறேன்.

“உனக்கென்ன விசரே? ஏன் அப்பிடிச் சொன்னனி?”

“அப்பப்பாவை ரெண்டாம் உலக யுத்தத்தில ஜப்பான் ஆமி கொண்டுபோனது. ஆள் திரும்பி வரேல்லை. உண்மை தெரிஞ்சா அப்பா உன்னை வீட்டுக்க விடார்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“பொய் சொல்லி உன்னைக் கட்ட ஏலாது. இண்டைக்கே நான் சொல்லுறன்.”

“பொய் சொன்னது நான். நான்தான் சொல்லோணும்.”

“அப்ப கையைப் போடு. வெல்லுற ஆள் சொல்லட்டும்.”

“ஜாக் என் போய்!” என்று அவள் கத்த, இருவரும் கல்-தாள்-கத்தரிக்கோல் விளையாட்டுக்குக் கையை நீட்டினார்கள். அவள் தாள், அவன் கத்தரிக்கோல்; வென்றது அவன்.

“இது எங்கட ஜான் கென் பொன் எல்லோ!”

“போடா, இது சுத்தமான பிலிப்பைன்ஸ் விளையாட்டு. அப்பாதான் பழக்கினவர்.”

“அப்ப அவர் பழக்கினது ஜப்பான் விளையாட்டு.”

“ஐயோ, அதை மட்டும் அவரிட்டச் சொல்லிப்போடாத!”

லூயிஷாமில் நானும் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்; தகப்பன் பிளாட்பாரத்திலேயே நின்றார். இவன் நேரே போய்க் கையை நீட்டினான்.

“அங்கிள், நான் கொரியன் இல்லை. ஜப்பான்.”

தகப்பன் மகளைத்தான் முறைத்தார். “கென்ஜி எண்டு ஜப்பான் பேரையும் சொல்லிப்போட்டுக் கொரியன் எண்டா நம்ப, நான் என்ன மொக்கனே?”

பிறகு அவன் கையைப் பிடித்தார். “நீயா வாய் திறந்து சொல்லுவியோ எண்டுதான் பாத்தனான். வா, சோறு ஆறுது.”