நாணலின் வாசல்

— இன்னும் ஒரு கரண்டி, மலர். வெறும் கஞ்சித் தண்ணிதானே.

— வேண்டாமப்பா. அந்தப் பூச்சாடியை இஞ்சால திருப்பி விடுங்கோ. நாணல் தண்டில பூச்சி வெளிய வாற வாசல் சுவர்ப்பக்கம் திரும்பிட்டுது.

— விசர்க்கதை கதையாதையும். அப்பிடி வச்சால்தான் வெயில் படும்.

— ரெண்டு வருசமா சேத்துக்குள்ளையும் பனிக்குள்ளையும் தண்டைத் திண்டுகொண்டு கிடந்த புழு. அதுக்கு வெயில் காட்டுறாராம்.

— உமக்கெண்டுதானே தொடைமட்டும் சேத்துக்குள்ள இறங்கி இந்த நாணலை வெட்டினனான். மீன் பக்டறிக்குப் பின்னால என்னைக் கண்ட டெனிஷ் கிழவன் பொலிசுக்குப் போன் அடிக்கப் பாத்தான்.

— எஸ்பியர்க் டவுன் முழுக்க, "என்ர மனுசி பூச்சிக்குப் பின்னால திரியிறாள்" எண்டு நக்கலடிச்ச ஆள் நீங்கள்.

— அடிச்சனான்தான். இப்ப வாயைத் திறவும்.

— அதுக்கும் வாய் இல்லை, தெரியுமே? அந்துப்பூச்சியா வெளிய வந்தால் பிறகு ஒண்டும் தின்னாது. தின்ன வேண்டியதைப் புழுவா இருக்கேக்கையே திண்டு முடிச்சிடும். காய்ஞ்ச நாணல் நிறம், செட்டையில பொட்டுப் பொட்டாக் கறுப்பு. பொம்பிளை எண்டால் வயிறு செட்டையைத் தாண்டி நீண்டிருக்கும். கொஞ்ச நாள் பறக்கும், முட்டையிடும், சரி.

— சரியில்லை. எனக்குச் சரியில்லை, மலர். நீர் இல்லாத வீட்டில நான் ஆரோட கொழுவிச் சண்டை பிடிக்கிறது?

— அழாதையுங்கோ. டாக்குத்தரிட்டை ரெண்டு பேரும் சேந்துதானே சொன்னனாங்கள். பூச்சி வெளிய வருமட்டும் இந்தச் சேலைன் ஏறட்டும். வந்தால் கழட்டுறது. பிறகு என்னை ஆய்க்கினைப்படுத்திறேல்லை.

— ஓமெண்டனான். அது இன்னும் வரேல்லைத்தானே.

— வரேல்லையே?

— வரேல்லை. சிலவேளை பிந்தும். அடுத்த மாசமும் ஆகும்.

— என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— கஞ்சி ஆறுது, மலர்.

— போர்வையில ஊத்தப் போறியள், கோப்பையை வையுங்கோ.

— நேற்றுப் பொழுதுபடேக்கை வந்திட்டுது. பொம்பிளை. நீர் சொன்ன மாதிரியே நீட்டு வயிறு. செட்டை காயுமட்டும் தண்டில தொங்கிக்கொண்டு நிண்டது. நீர் நித்திரை. நான் யன்னலைத் திறந்து விட்டிட்டன். வெறுங்கூடு வாசலுக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிக்குது, நீர் கண்டிடுவீர் எண்டுதான் சுவர்ப்பக்கம் திருப்பினனான். என்னை ஏசும், என்னவும் செய்யும். இந்தச் சேலைனைக் கழட்டச் சொல்லி மட்டும் சொல்லாதையும். உம்மட காலைப் பிடிக்கிறன்.

— காலை விடுங்கோ, கூசுது. யன்னல் திறக்கேக்கை நான் முழிச்சுத்தான் கிடந்தனான். பறந்து போனதையும் கண்டனான். காலமை நேர்ஸ் வந்து, பூச்சி வந்திட்டுதோ எண்டு கேட்டவ. இன்னும் இல்லை எண்டு நான்தான் சொன்னனான்.