வேலியில தொங்குற நெஞ்சுப் படம்

...அதான் சொல்றேன், அந்த வண்டி எங்க தெருவுக்கே வராம இருந்திருக்கலாம். நீங்க இந்தச் சின்னக் கல்லுரலைப் பாருங்கக்கா. சியாங்மாய்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, தட்டிப் பாத்து வாங்குங்க. கணீர்னு கேக்கணும். மந்தமாக் கேட்டா உள்ள விரிசல். எங்க வீட்டுக்காரர் தன் நெஞ்சையும் அப்படித்தான் தட்டிப் பாத்துக்குவார். கணீர்னுதான் கேக்குதாம். நாலு வாய் சோறு திங்கறதுக்குள்ள நாப்பது தரம் இருமறது மட்டும் அவர் காதுல விழாது.

நெஞ்சைப் படம் எடுக்கற வண்டி அது. கல்லு அறுக்கறவங்க எல்லாரும் வரணுமாம். படத்துல தூசி தெரிஞ்சா அப்புறம் கல்லு அறுக்கற மெஷின்ல உக்காரக் கூடாதாம். இவருக்கு வேற என்ன வேலை தெரியும்? பக்கத்து வீட்டு நோப்பைக் கெஞ்சி, இவர் அடையாள அட்டையைக் குடுத்து நான்தான் அனுப்பினேன். நோப் நூடுல்ஸ் விக்கறவர், உளியைத் தொட்டதே இல்ல. கழுவி வெச்ச கிண்ணமாட்டம் இருக்கும் அவர் நெஞ்சுன்னு நெனச்சேன். கூடவே இவர் கழுத்துல போடற புத்தர் தாயத்தையும் மாட்டி அனுப்பினோம். படம் எடுக்கறப்ப அதைக் கழட்டச் சொல்லிட்டாங்களாம். அதுலதான் கெட்டுப்போச்சுங்கறார் இவர்.

படத்துல ரெண்டு பக்கமும் கல்லுத்தூசியாம்க்கா. உள்ள போனது போனதுதானாம், மருந்தே கெடையாதாம்.

அப்புறம் நடந்த சண்டையைக் கேக்கணுமே நீங்க. உன் பேரு போட்டிருக்கு, உன் நெஞ்சுதான்னு நோப் சொல்றார். எலும்பு உன்னுது, நீயே வெச்சுக்கன்னு இவர் சொல்றார். ரெண்டு பேருமே படத்தை வீட்டுக்குள்ள விடல. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற வேலியிலயே தொங்குது.

உளி தொடாதவனுக்கு எப்படி வந்துச்சுன்னு நோப்புக்கு இன்னும் புரியல. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... மெஷினுக்குப் பக்கத்துல பெரிய ஃபேன் இருக்கு பாருங்க, நான் வாங்கி வெச்சது. இவர் மூஞ்சில தூசி அடிக்கக் கூடாதுன்னு வேலிப் பக்கமாத் திருப்பி விட்டேன். எங்க மக தவழ்ந்துக்கிட்டிருந்த காலத்துலேர்ந்து அப்படியேதான் ஓடுது.

இன்னைக்கு வண்டி மறுபடி வந்திருக்கு. இந்தத் தரம் நீ என் பேருல போய்ட்டு வான்னு நோப் வந்து கூப்புட்டார். இவர் போகல. அவர் போனப்புறம் என்கிட்ட மெதுவாச் சொல்றார்: "வேலிக்கு அந்தாண்ட இருக்கறவனுக்கே அப்படின்னா, என் படத்தை எதுக்குடி பாக்கணும்?"

என்னக்கா, உரலை வெச்சிட்டீங்க? கெளம்பிட்டீங்களா? சரி. வேலியோரமாப் போகாதீங்க, இந்தப் பக்கமா சுத்திப் போங்க. அவர் மெஷினைப் போடப் போறார்.