மெத்தை வைத்த படகு

— கட்டில்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு பக்கமும் மூக்கு நீட்டிக்கினு இருக்குது. இது படகு.

— படகுதான் காந்தா. யாரு இல்லேன்னது?

— பட்டு நெய்யறவருக்குப் படகு எதுக்கு? பாலாத்துல மாடு மேஞ்சிக்கினு இருக்குது.

— இப்போ மேயுது. ஐப்பசியில மேயுமா?

— அது கெடக்கட்டும். ஊருக்கு வெளிய, மாட்டுக் கொட்டாயில ஒளிச்சு வெச்சு, காக்கித் துணியில கூரை தச்சு, உள்ள மெத்தையும் போட்டிருக்கீங்க. மெத்தைக்குச் சிவப்புல ஓரம் வேற. என் தலகாணி பிஞ்சு பொங்கலுக்கு முன்னாடியே பஞ்சு கொட்ட ஆரம்பிச்சுது. அதுக்கு ஊசி எடுக்காத கை இது.

— எடுத்திருந்தா இன்னும் கொட்டியிருக்கும். தையல் எப்படிப் போயிருக்குதுன்னு பாரு.

— பார்த்தேன். ஆட்டுக்குட்டி ஓடுன தடம் மாதிரி இருக்குது. அந்தக் கையையும் நான் பார்த்துக்கினுதான் இருக்கேன். முதல்ல விரல் நுனியெல்லாம் குத்து. கேட்டா தறியில ஆணின்னீங்க. அப்புறம் நெய் தடவிக்க ஆரம்பிச்சீங்க. கைக்கு நெய் தடவிக்கிற ஆம்பளைய நம்ம தெருவுல யாரும் பார்த்ததில்ல.

— தடவலேன்னா விரல் சொரசொரப்புல பட்டு இழை மாட்டி அறுந்து போவுது. முனிரத்தினம் முதலாளி நேத்து புடவையத் தடவிப் பார்த்துட்டு, கலியா, நீ தறியில நெய்யறியா இல்ல முள்ளு வெட்டறியான்னு கேட்டாரு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா தறிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்.

— தறி போனாலும் பரவாயில்ல, மெத்தை தைக்கணும். அவ்ளோ ஒசந்த ஆளு யாரு?

— எந்த ஆளு?

— ஒரு மெத்தைதான் இருக்குது. துடுப்பு போடறவரு பலகையில குந்துவாரு. அப்போ மெத்தையில குந்தறது யாரு?

— ரெண்டா தச்சிருந்தா?

— ரெண்டா தச்சிருந்தா ஜோடின்னு அர்த்தம். அதுக்கு வேற மாதிரி கேட்டிருப்பேன்.

— நல்லா இருக்குது உன் ஞாயம்.

— கலியா, உள்ளதான் இருக்கிறியா? என் கோணூசியக் குடுபா.

— வாங்க ஜான் பாஷா பாய். ஜட்கா வண்டிக்கெல்லாம் சீட்டு தைக்கிறவரு நீங்க. நீங்களே சொல்லுங்க, இவருக்கு எதுக்கு இந்த வேலை?

— அதைத்தான்மா நானும் கேக்கறேன். ஊசி கேட்டான், குடுத்தேன். தென்ன நாரை எப்படி அடைக்கிறதுன்னு கேட்டான், காமிச்சேன். ஏன்பா கஷ்டப்படறே, நானே தச்சுக் குடுக்கறேன்னு சொன்னேன். வேணாம் பாய், இதை நானேதான் தைக்கணும்னான். அப்பவே எனக்குச் சந்தேகம். நெஜத்தச் சொல்லு கலியா, என் கடைக்கு எதுத்தாப்புல கடை போடப் போறியா?

— தையலப் பாருங்க பாய். இந்தக் கடைக்கு எவன் வருவான்?

— அரே, அதுவும் சரிதான். கூரையில இந்த மூலைய யாரு கடிச்சது?

— மாடு, பாய். அதனாலதான் இவரைப் புடிச்சேன். மாட்டுக்காரர் தர்மன் காலையில வாசல்ல வந்து நின்னாரு. மன்னிச்சுடும்மா, உங்க படகுல கொஞ்சம் என் மாடு துன்னுடுச்சுன்னாரு. எனக்குப் படகு இருக்குதுன்னு அப்பதான் தெரியும்.

— கேன்வாஸ் துணிய மாடு ஏன்மா துன்னுது?

— கஞ்சி போட்டேன் பாய்.

— கேன்வாஸுக்கா?

— துணின்னா கஞ்சி போட்டாத்தான வெறைப்பா நிக்கும்? பாவு நூலுக்குப் போடறோம், வேட்டிக்குப் போடறோம். இதுக்கு மட்டும் வேணாம்னு யாரு சொன்னது?

— இதுக்கு மெழுகு பூசணும்பா. கஞ்சி போட்டா முதல் மழையிலயே கரைஞ்சு, உள்ள குந்தினவங்க தலையில வடியும்.

— வடியக் கூடாது பாய். அவங்க மேல ஒரு சொட்டுகூட விழக் கூடாது.

— கேட்டீங்களா பாய்? ஒரு சொட்டு விழக் கூடாதாம். நான் தண்ணிக் கொடத்தோட மழையில நனைஞ்சு வந்தப்போ, வாசல்லயே நில்லு, பட்டு ஈரமாயிடும்னு சொன்ன மனுஷன். இதோ பாருங்க, பொட்டியக் கட்டி வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். யாருன்னு பேரைச் சொல்லுங்க. சொல்லலேன்னா இப்படியே ஆத்தத் தாண்டி அக்கரைக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

— சொல்லிடு கலியா. ஊசி என்னுது. நாளைக்கு என்னையும் கேப்பாங்க.

— உங்கம்மா.

— எங்க அம்மாவ எதுக்கு இழுக்கறீங்க?

— மெத்தையில குந்தறது உங்கம்மா.

— இன்னாது?

— போன ஐப்பசியில ரெண்டு நாளைக்குன்னு வந்தாங்க. ஆத்துல தண்ணி வந்துடுச்சு, எப்படிப் போறதுன்னு தங்கிட்டாங்க. தண்ணி வடிஞ்சதும் மாட்டு வண்டி புடிச்சேன். பலகை இடுப்ப ஒடைக்குதுன்னு பாதியில எறங்கி வந்துட்டாங்க. இடுப்பு சரியாச்சு, மறுபடியும் கெளம்புனாங்க. தூறல்ல நனைஞ்சு காய்ச்சல். தை பொறந்துதான் போனாங்க. அதான் இந்த வருஷம் கடலோரம் சதுரங்கப்பட்டினத்துல மீன் புடிக்கிற தாவீதுகிட்ட சொல்லி இந்தப் பழைய படக வாங்கிக்கினு வந்தேன். இடுப்புக்கு மெத்தை. தூறலுக்குக் கூரை. ஆறு எப்படி ஓடுனாலும் மூணாம் நாள் அக்கரையில எறக்கி வுட்டுடலாம்.

— அதை என்கிட்ட தைக்கக் குடுத்தா இன்னாபா?

— உங்க கடையில சொன்னா ஊருக்கே தெரியும் பாய். அத்தைக்குத் தெரிஞ்சா ஐப்பசிக்குக் காத்திருக்க மாட்டாங்க, நாளைக்கே வந்து குந்திக்குவாங்க.

— யா அல்லா. மாமியார அனுப்பறதுக்கா நான் நார் அடைக்கக் கத்துக் குடுத்தேன்.

— காந்தா, திட்டறதுன்னா திட்டிடு. வேற பொம்பளை யாரும் இல்ல, அதான் தெரிஞ்சுதே. பொட்டிய அவுத்துடுவியா?

— அவுத்துடறேன். நீங்க கஞ்சிய அலசிட்டு மெழுகு பூசுங்க. அந்த மூலைய மட்டும் பாய் தச்சுத் தரட்டும்.

— கோவம் இல்லியே?

— கோவம் எதுக்கு? இத்தினி வருஷமா ஆத்துல தண்ணி வந்துட்டா எங்க அம்மாவால இக்கரைக்கு வர முடியாது. இனிமே மழையே கொட்டுனாலும் நீங்களே போய்க் கூட்டிக்கினு வந்துடலாம்.